ஆரோக்கியமான ஆள்

எனக்குச் சளி பிடித்து யாரும் பார்த்ததில்லை. இதை ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பேன். என் மனைவியும் அதை நம்பிவிட்டாள்.

அவள் வேலை செய்வது ஆய்வகத்தில். ஈயம் உருக்கும் தொழிலாளிகளின் ரத்தத்தை எடுத்து, உயிரணுக்களை வேண்டுமென்றே காயப்படுத்தி, அறுந்த டி.என்.ஏ.வை அவை ஒட்டிக்கொள்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒட்டிக்கொண்டது மைக்ராஸ்கோப்பில் உருண்டையாகத் தெரியும். ஒட்டாததற்கு வால் நீண்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, ஈயத்தோடு சம்பந்தமில்லாத சிலர் வேண்டும். வீட்டிலேயே ஒருத்தன் காளை மாதிரி திரிகிறானே என்று முதல் ஊசியை எனக்குத்தான் குத்தினாள்.

ஒப்பிட எடுத்த மற்றவர்களுக்கெல்லாம் உருண்டை. எனக்கு மட்டும் வால். மறுபடி குத்தினாள், மறுபடியும் வால்.

"உன் கைப்பிசகுதான், அந்த ஆளைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடு" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். இவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கை சரியாக இருந்தால், கோளாறு என்னிடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மறுநாள் நான் மறந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். பழைய கதவு ஜன்னல்களைச் சுரண்டிப் புதுசாக்குவது என் தொழில். ஒரு கதவை உப்புத்தாளால் தேய்த்து, தூசியை வாயால் ஊதிக்கொண்டிருந்தேன். மீசையெல்லாம் வெள்ளை.

"என்னங்க அது?"

"பழைய பெயிண்ட். அடியில இருக்கிறதுதான் அசல் சரக்கு, இப்பல்லாம் கிடைக்காது."

"கிடைக்காது. அதுல ஈயம் இருக்குன்னு நிறுத்திட்டாங்க."

அத்தனை வருடமாக என் மேல் படிந்து வருவது மரத்தூள் என்றே நினைத்திருந்தாளாம். கதவின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அறுந்ததை ஒட்டுற புரதம் துத்தநாகத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கும். ஈயம் வந்து அந்த இடத்துல உக்காந்துடும். அப்புறம் ஒட்டுற வேலை நடக்காது."

"அளவு மாறின கீலை மாட்டின மாதிரியா? கதவு இருக்கும், சாத்தாது."

"சிரிக்காதீங்க!" என்று கத்தினாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகள் ஓடிவந்து இந்தச் சட்டையில்தானே முகம் புதைப்பாள்?

என் ரத்தத்திலும் மகளின் ரத்தத்திலும் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதித்தோம். எனக்கு எக்கச்சக்கம். மகளுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சே வந்தது. பிறகு வீட்டில் ராணுவச் சட்டம். ஈரப்படுத்தித்தான் தேய்க்க வேண்டும், முகமூடி கழற்றக் கூடாது, பட்டறைத் துணி பட்டறையிலேயே துவைக்க வேண்டும். குளித்து வரும்வரை மகள் கதவுக்குப் பின்னால் நின்று, "அப்பா, ஆச்சா?" என்று கூவுவாள். அந்தக் கூவலைக் கேட்கவே சீக்கிரம் குளிக்கிறேன்.

மாதங்கள் போயின. என் ரத்தத்தில் ஈயம் இறங்கிக்கொண்டே வந்தது. போன வாரம் ஆய்வகத்துக்கு என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். இருட்டில் பச்சைப் பச்சையாக உருண்டைகள். அங்கங்கே ஒரு குட்டி வால்.

"இதெல்லாம் நானா?"

"நீங்கதான்."

"அப்ப ஆரோக்கியமானவங்க பட்டியல்ல என்னை மறுபடி சேத்துக்கோ."

"உங்களை இனிமே எதிலயும் நம்ப மாட்டேன்" என்றாள். வேலைத் துணி முகத்தில் படக் கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தவள், தன் ஆய்வகக் கோட்டின் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.