ஒத்திகைப் படையல்

வேலாயிக்கு இடது முழங்காலில் ஆரம்பித்த வலி, சனிக்கிழமை சாயங்காலம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது இடுப்புக்கு ஏறியிருந்தது. நெற்றியில் கூடைக்கயிறு போட்ட தடம் மறையவில்லை. சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டு படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டுக்கு, பொன்ராஜிடம், மூச்சு வாங்க ஏறிப் போனாள். தான் இல்லாமல் பேசி முடித்துவிட்டால் தன்னைக் கழற்றிவிட்டு விடுவார்கள் என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

பேச இருந்தது ஒரே காரியம்தான். நான்கு பேர் கடல் தாண்டிப் போய், ஒரு வேளை சமைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவது.

நால்வரும் இலங்கையில் அட்டனுக்கு மேலே ஒரே தோட்டத்தில் இருந்தவர்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பேர் வந்து, கப்பலேறி, கீழ் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. நால்வருக்கும் அந்தத் தோட்டத்துப் புதைகாட்டில் ஆளுக்கொருவர் கிடக்கிறார்கள். பொன்ராஜுக்கு அப்பா. காத்தாயிக்கு நாலு வயசுப் பையன் பாலன். பரமசிவனுக்கு அண்ணன் ராசு. வேலாயிக்குப் புருஷன்.

வேலாயியின் புருஷன் இருளப்பன் செத்தது பஞ்ச வருஷத்தில். அரிசியைக் கண்ணால் காண முடியாது, மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் விடிய விடிய வரிசை. வயிறு வீங்கிக் கிடந்தவன், கடைசி ஒரு வாரம் வெள்ளைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கேட்டுக்கொண்டே கிடந்தான். அவனைப் புதைத்த கொஞ்ச நாளில் கப்பல் தேதி வந்துவிட்டது. அந்தத் தேதியைத் தவறவிட்டால் திரும்பப் பேர் வருவது எப்போதோ. முப்பதாம் நாள் படைக்க வேண்டிய அன்றைக்கு அவள் இந்தியக் கரையில், கப்பலில் வந்தவர்களை வைத்திருந்த மண்டபம் கேம்பில் தகரத் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சோறு போடப்படவே இல்லை. இப்போது அதைப் போடத்தான் போகிறாள். தனியாகப் போக அவளால் முடியாது. சிங்களம் தெரிந்தவன் பொன்ராஜ் ஒருவன்தான். தோட்டத்துக்குள் நுழைய அங்கே இருக்கும் பழைய கங்காணியின் மகன் அனுமதி வாங்கியிருப்பதும் பொன்ராஜை நம்பித்தான்.

பொன்ராஜ் தேயிலை ஃபாக்டரியில் உருளை மிஷின் பார்ப்பவன். எதையும் அடுக்காகச் சொல்வான்.

"மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ஸு. அங்கருந்து ரயிலு மாறி மாறி ராமேஸ்வரம். கப்பல்ல தலைமன்னாரு. எறங்கினதும் ரயிலு, பொல்காவலையில மாறணும், தூங்கிட்டீங்கன்னா கொழும்புதான். அரிசி அங்கயே வாங்கிக்கலாம், இப்பக் கெடைக்குதாம். சாம்பிராணி, சுருட்டு, மொளகாத்தூளு இங்கருந்து. கருவாடு வேணாம். கஸ்டம்ஸ்ல மூக்கப் பொத்திக்கிட்டுத் தூக்கிப் போட்டுருவான்."

"கருவாடு இல்லாம நான் எதுக்கு வாறேன்?" என்றாள் வேலாயி. "மடியில கட்டிக்கிட்டு வருவேன்."

"அக்கா மடியத் தொட்டுப் பாக்குற அளவுக்குத் துணிஞ்சவன் தலைமன்னார்ல இன்னும் பொறக்கல்ல," என்றான் பரமசிவன்.

காத்தாயிகூடச் சிரித்தாள்.

"சிரிங்க," என்றான் பொன்ராஜ். "தோட்டத்துல ஒரே ஒரு மத்தியானந்தான் விடுவாங்க. மூணு மணிக்கு பஸ்ஸு. அதுக்குள்ள நாலு பேருக்கு நாலு விதமா ஆக்கணும். அங்க மழைக்காலம், வெறகு ஈரமா இருக்கும். முடியுமா முடியாதா? நாளைக்கு ஞாயித்துக்கெழம. இங்கயே ஒருக்கா முழுசா ஆக்கிப் பாத்துருவம்."

அது நல்ல யோசனையாகத்தான் எல்லாருக்கும் பட்டது.

காலையில் கனகமணியின் கடையில் கருவாடு வாங்கும்போது அந்தம்மா பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி. "ஏனுங்க பொன்ராஜு, செத்தவிகளுக்குப் படைக்கறதுக்கு ஒத்திகை பாக்கறவங்கள நான் இப்பத்தானுங்க பாக்கறேன். கண்ணாலத்துக்குக்கூட யாரும் பாக்கறதில்லீங்களே?"

"கல்யாணத்துல உப்புக் கொறஞ்சா மாப்ள சொல்லிருவாருங்க," என்றான் பொன்ராஜ். "இவுங்க சொல்ல மாட்டாங்கல்ல."

லயத்துக்குப் பின்னால், தேயிலைச் செடி முடிந்து சில்வர் ஓக்கு மரங்கள் ஆரம்பிக்கும் இடத்தில் இரண்டு அடுப்புக் கூட்டினார்கள். வேண்டுமென்றே ஈர விறகு. புகையில் கண் எரிந்தது. காத்தாயி பையனுக்குப் பால்சோறு கிண்டினாள். பரமசிவன் அண்ணனுக்கு ரொட்டி தட்டித் தேங்காய்ச் சம்பல் அரைத்தான். பொன்ராஜ் அப்பாவுக்குக் கோழிக்குழம்பு வைத்தான், பக்கத்தில் ஒரு கிளாஸ் சாராயம், ஒரு சுருட்டு. படையல் சோற்றை ருசி பார்க்கக் கூடாது. ஒத்திகைதானே என்று வேலாயி குழம்புக் கரண்டியை வாய் வரை கொண்டுபோய், மனசு கேட்காமல் திருப்பி வைத்தாள்.

இரண்டு மணிக்கு முன்னாலேயே எல்லாம் இறங்கிவிட்டது. பொன்ராஜுக்கு வாயெல்லாம் பல். "பஸ்ஸப் புடிச்சிரலாம்!"

நாலு இலை போட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இலையில் சோறு வைத்த கை சும்மா வராது. வைத்ததும் வாய் தானாகக் கூப்பிட்டுவிடும். பரமசிவன் "அண்ணே, ராசண்ணே, வந்து சாப்புடு" என்றான். பொன்ராஜ் "அப்பா, வாங்க" என்றான். காத்தாயி "பாலா, வாய்யா சாமி" என்றாள். வேலாயி புருஷன் பேரைச் சொல்லிப் பழக்கமில்லாதவள். "இந்தாங்க," என்றாள். பிறகு, படைத்தால் செய்வதுபோல, நால்வரும் இலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். இதுவும் யாரும் சொல்லிச் செய்ததில்லை.

கீழே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. முதலில் லயத்துக் கூரைகள் போயின. அப்புறம் பக்கத்தில் நின்றவரின் காலும் தெரியவில்லை. லயத்தில் குரைத்துக்கொண்டிருந்த நாயின் சத்தம் நின்றது. தேயிலை வேகும் வாசம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரி ஓடாது என்பது பொன்ராஜுக்குத் தெரியும்.

சோற்றைப் பிசையும்போது சத்தம் என்று ஒன்றும் பெரிதாக வராது. அந்தச் சத்தத்தை நாலு பேரும் கேட்டார்கள்.

காத்தாயி வேலாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் திரும்பவில்லை. பனி கொஞ்சம் விலகியதும் பொன்ராஜ் வழக்கப்படி மூன்று முறை செருமினான். திரும்பினார்கள்.

பால்சோற்றில் ஒரு குழி. குழந்தைக் கை அளவு. ஓரமெல்லாம் சிந்தியிருந்தது.

பொன்ராஜின் அப்பா இலையில் கிளாஸ் காலி. பற்றவைக்காத சுருட்டின் ஒரு முனை எச்சிலில் ஊறியிருந்தது.

ராசு இலங்கைத் தோட்டத்து ஃபாக்டரி மிஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவன். சம்பலை வழித்த தடம் அவன் இலையில் இருந்தது. பரமசிவன் குனிந்து பார்த்தான். கட்டை விரலைச் சேர்த்து மூன்று கோடு.

"நாயா இருக்கும்," என்றான் பொன்ராஜ். சொன்னவனே தரையைப் பார்த்தான். ஈர மண். அவர்கள் நால்வர் கால் தடத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. நாய் வந்திருந்தால் கோழியையும் கருவாட்டையும் விட்டுவிட்டுச் சம்பலை நக்குமா?

நாலாவது இலையில் வெள்ளைச் சோறு கவிழ்த்த கும்பாவின் உருவத்திலேயே நின்றது. குழம்பு ஒரு சொட்டு அசையவில்லை.

காத்தாயி மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "எம்புள்ள இம்புட்டுத் தூரம் நடந்து வந்துருச்சு. கடலத் தாண்டி. வயிறு நெறையத் தின்னுருச்சு."

"அக்கா பேரச் சொல்லிக் கூப்புடல்ல," என்றான் பரமசிவன். "அதான் வரல்ல." அவனே வாயைக் குவித்துப் பனியைப் பார்த்துக் கூப்பிட்டான். "இருளப்பண்ணே! ஏ இருளப்பண்ணே! சோறு ஆறுதுண்ணே!"

மறுபடி திரும்பி நின்றார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பனி மொத்தமாகக் கலைந்து லயம் தெரிந்தது. திரும்பிப் பார்த்தபோது சோறு அப்படியே இருந்தது.

"அவரு வர மாட்டாரு," என்றாள் வேலாயி.

காரணத்தையும் அவளே சொன்னாள்.

"கப்பலுக்குப் பொறப்பட்ட அன்னைக்கு விடியக்காலம் புதைகாட்டுக்குப் போயி, மண்ணுல கைய வச்சுச் சொல்லிட்டு வந்தேன். எங்கயும் போயிறாதீங்க, இங்கயே இருங்க, நான் கொண்டாந்து போடறேன்னு. அந்தாளு என் சொல்லத் தட்டினதே இல்ல. இப்பவும் அங்கதான் உக்காந்திருப்பாரு."

படைத்ததை உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிட்டார்கள். மூன்று இலைச் சோற்றை. நாலாவதைத் தொட யாருக்கும் கை வரவில்லை. பரமசிவன் சாப்பிடும்போது ஏதோ வேடிக்கை சொல்லப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டான். பாத்திரம் கழுவும்போது பொன்ராஜ் வேலாயியின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"யோசிச்சுத்தான் பாக்கணும். வந்து சாப்புட்டுட்டாங்க. இனி எதுக்கு அவ்வளவு தூரம்? பாஸ்போர்ட்டு, விசா, லீவு, ஒடம்புக்கும் முடியாது."

"என் புள்ளைக்கு இனிமே இங்கயே போடுவேன்," என்றாள் காத்தாயி. வேலாயியின் பக்கம் திரும்பி, "கோவிச்சுக்காத மதினி," என்றாள்.

"நான் ஏன் கோவிக்கிறேன்?" என்றாள் வேலாயி. சட்டியைத் தேய்த்த கை நிற்கவில்லை. அடி கருகல் போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அந்த இடத்தைப் பார்த்தாள். இலை கிடந்தது. காக்கை தொடவில்லை. கருவாட்டு வாசத்துக்கு எறும்புகூட ஏறவில்லை. சோற்றின் மேல் பனித்துளி மட்டும் கோத்திருந்தது. பக்கத்துச் சரிவில் கொழுந்து எடுக்க நின்ற பெண்கள் அந்த இடத்தை ஒட்டிய செடி வரிசையை விட்டுவிட்டு அடுத்த வரிசைக்கு ஏறியிருந்தார்கள். யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு ஃபாக்டரி வாசலில் நின்றாள். ஷிப்டு முடிந்து வெளியே வந்த பொன்ராஜ் அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினான். அங்கே சுவர்தான் இருந்தது.

"எப்பப் போறம்?" என்றாள்.

"அக்கா, நேத்தே சொன்னேனே. யாருக்குன்னு போறது? எங்கப்பா சாப்புட்டாரு. பரமசிவனும் வரல்லங்கறான்."

"நீ சாப்புடப் போட்டுட்ட. நான் போடல்ல."

"நான் சொல்றதக் கேளு. அடுத்த வருசம் யாராச்சும் போனாச் சேத்து விடறேன்."

"அடுத்த வருசம் இந்த முட்டி இருக்குமோ என்னவோ. நீ வராட்டி போ. பாஷைய மட்டும் சொல்லிக் குடு. 'தோட்டத்துக்கு எந்த வழி'ன்னு சிங்களத்துல எப்படிக் கேக்கணும்? பொல்காவலையில எந்தப் பக்கம் மாறி ஏறணும்?"

பொன்ராஜுக்குக் கோபம் வந்தது. "ஒத்தப் பொம்பள, கப்பல்லயும் ரயில்லயும், அந்தச் சட்டியத் தூக்கிக்கிட்டு. எதுக்குக்கா இந்த வம்பு? செத்துப்போனவரு வந்து கேக்கவா போறாரு?"

"கேக்க மாட்டாரு. கேக்காத ஆளுக்குத்தான் நான் கடன்பட்டிருக்கேன்," என்றாள் வேலாயி. "முப்பதாம் நாள் சோறு, ஒரு எலை. வெள்ளச் சோறும் கருவாட்டுக் குழம்பும். அஞ்சு வருசமாச்சு, இன்னும் குடுக்கல்ல."