குண்டம்மா மேல் ஒட்டிய தகடு

நான் வேலை பார்த்த காலத்தில் சூரியன் தும்மினால் எங்கள் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் முதலில் சளி பிடிக்கும். அன்று அது தும்மவில்லை, தொண்டை கிழிய இருமியது. வெளியே சாதாரண மத்தியான வெயில். மேலே எங்கள் செயற்கைக்கோள் குண்டம்மா மட்டும், கம்பளிச் சட்டையைக் கழற்றியவள் போல, உடம்பெல்லாம் மின்சாரம் ஏறிப் படபடவென்று பொறி விட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பொறிக்கும் அவளுடைய கணினி மயங்கி விழும். முகத்தில் தண்ணீர் தெளிக்காத குறையாக எழுப்புவோம். அரை நாளில் என் தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. மிச்சமிருந்ததே ஒரு கைப்பிடிதான்.

குண்டம்மாவுக்குத் தங்கநிறப் போர்வை தைத்தவர் அக்கா. இயக்குநருக்கும் அவர் அக்காதான். போர்வையின் ஒவ்வொரு துண்டையும் கம்பியால் உடம்போடு இணைத்தால்தான் ஏறும் மின்சாரம் ஓரிடத்தில் தேங்காமல் பரவும். பார்த்துப் பார்த்து இணைத்திருந்தார். ஆனால் ஏவுதளத்துக்கு அனுப்பிய அன்று அவருடைய குழு உள்ளங்கை அகலத் தகடு ஒன்றில் கையெழுத்துப் போட்டு, ஆசையாக மேலே ஒட்டிவிட்டது. அதற்குக் கம்பி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது போர்வையா என்ன, வாழ்த்து அல்லவா! என்னைக் கையெழுத்துப் போடக் கூப்பிடவே இல்லை. அந்தக் கோபம் இன்றும் உண்டு.

"அந்தத் தகடுதான்," என்றார் அக்கா. "கணினிக்கு நேர் மேல ஒட்டினோம்."

"போய் உரிச்சிட்டு வரேன். ஏணி இருக்கா?" என்றேன்.

இயக்குநர் அக்காவின் பக்கம் குனிந்தார். "அக்கா, இப்ப நாம சொல்றது அவளுக்குக் காதுல விழுது. இப்பவே மேல தள்ளிட்டா ஓய்ஞ்ச கோளுங்களோட ஒதுக்குப்புறமா கெடப்பா. செவிடாயிட்டா மத்தவங்க பாதையில மிதப்பா."

"புயல் அடங்கிட்டா?"

"அடங்கலாம்."

"அப்பக் கொஞ்சம் பொறுங்களேன். மத்தபடி நல்லாத்தானே இருக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, திரையில் குண்டம்மா அனுப்பும் எண்கள் நின்றன. கெஞ்சினோம், மிரட்டினோம், தாலாட்டுப் பாடாத குறை. அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வெகுநேரம் கழித்து எண்கள் மெல்ல வந்தன.

"தள்ளிடலாம்," என்றார் அக்கா. "நகருங்க. நானே அனுப்பறேன்."

எரிபொருள் தீரும்வரை குண்டம்மா மேலே ஏறினாள். பிறகு அவளுடைய ஒலிபரப்பியையும் அக்காவே அணைத்தார்.

சாயங்காலமே புயல் அடங்கிவிட்டது. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. நானே வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் திரையில் மற்றச் செயற்கைக்கோள்களின் எண்கள் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. அக்கா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.