அக்காவுக்கு ஏசி ஒத்துக்காது

திலக் நகர் வீட்டுக்கு ஏசி வாங்குவதென்று முடிவானதும், எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலையை சாருலதா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். வயது அறுபத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து எழுந்துவிட்டு, ரிடையரானதும் தம்பி சுந்தரராமன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். பெட்ரூமில் தம்பியும் அவன் மனைவி ஷ்யாமளாவும். ஹாலில் அவர்கள் பிள்ளை நிகில். பகலெல்லாம் அங்கேதான் அவன் ஆபீஸ், இரவில் அதே சோபாவை விரித்தால் படுக்கை. சாருலதாவுக்கு பால்கனி.

பால்கனி என்றதும் காற்று வாங்குகிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். பம்பாயில் எல்லாரும் செய்வதுபோல் கிரில் அடித்து, கண்ணாடி ஜன்னல் வைத்து மூடி, ரூம் என்று பெயர் சூட்டியது. நாலடி அகலம், ஒன்பதடி நீளம், மேற்குப் பார்த்தது. மே மாதத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. அவளுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு; போன இரண்டு கோடையிலும் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. கேட்டால் அல்லவா சொல்ல?

"ஹால்ல மாட்டிட்டா எல்லாருமா ஹால்லயே படுத்துக்கலாம்," என்று ஷ்யாமளா ஒருநாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் அந்த 'எல்லாரும்' என்ற சொல்லை சாருலதா பத்திரமாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் எல்லாரும் என்றால் நாலு பேர்தானே?

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கையில் ஒரு நோட்டு, மூக்கில் ஒரு கண்ணாடி, செம்பூரில் ஒரு கடை பாக்கியில்லை. ஒன்றரை டன்னா, ஒரு டன்னா? மூன்று ஸ்டாரா, ஐந்தா? உள்ளே இருப்பது செப்புக் குழாயா, அலுமினியமா? சேல்ஸ்மேன்கள் அவளைக் கண்டால் டீ குடிக்கப் போய்விடும் நிலை வந்தது. எல்லாவற்றையும்விட அவளுக்கு முக்கியம் சத்தம். தம்பி சின்ன வயதிலிருந்தே கொசு பறந்தால் எழுந்துவிடுகிறவன். நிகிலுக்கு மீட்டிங் இருக்கும். ஆகவே சத்தமே வரக் கூடாது.

கடைசியில் ஒரு கடைக்காரர் ஒரு மாடலைக் காட்டினார். "உள்ளே சத்தமே வராது மேடம். அவுட்டோர் யூனிட்தான் கொஞ்சம் இரையும். அது வெளியில் கிடக்கப் போகிறது, நமக்கென்ன?" என்று இந்தியில் சொன்னார். சாருலதாவுக்கு அந்த வாதம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. சாப்பிடும்போது வீட்டிலும் அதையே சொன்னாள். "வெளில கத்தினா கத்திட்டுப் போறது, நமக்கென்னடா?" தம்பி சிரித்தான். ஷ்யாமளாவும் சிரித்தாள். பில்லில் சாருலதாவின் போன் நம்பரைக் கொடுத்தார்கள், அலைந்தவள் அவள்தானே.

அந்த வாரம்தான் வாஷியிலிருந்து பிரேமலதா போன் செய்தாள். ஆபீஸில் இருபது வருஷம் பக்கத்து நாற்காலி. கணவர் போன பிறகு இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். "ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு சாரு. நீ வந்து இரு. இல்லேன்னா ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கேட்டுக்கிட்டே இருக்கா, அவளுக்குக் குடுத்துடுவேன்."

"குடுத்துடு பிரேமா," என்றாள் சாருலதா. "எங்காத்துலயே ஏசி வரது. எல்லாரும் ஹால்ல ஒண்ணாப் படுத்துக்கப் போறோம். தம்பியை விட்டுட்டு நான் என்னத்துக்கு வாஷி வரணும்?" குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. இருக்கட்டும், பாவம், அவள் கர்வப்பட்டதெல்லாம் விரல் விட்டு எண்ணக்கூடியவை. சனிக்கிழமை நர்ஸ் வாஷி ரூமில் பெட்டியை இறக்கிவிட்டாள். அதே சனிக்கிழமை சாருலதா மாட்டுங்கா போய், ஏசிக்கு வேண்டியிருக்கும் என்று மெல்லிசாக ஒரு ரஜாய், பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, வாங்கி வந்தாள். நீலத்தில் வெள்ளைப் பூப் போட்டது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏசி மாட்ட ஆள் வருவதாக இருந்தது. ஷ்யாமளா ஆறு மணிக்கே எழுந்து பால்கனியை ஒழித்துவிட்டாள். கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்து, படுக்கையைச் சுருட்டி, துணிமணிகளை அலமாரி மேல் ஏற்றி, தரையைத் துடைத்துக்கூட வைத்தாள். "தூசியாயிடும்க்கா, அதான்," என்றாள். சாருலதாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

வந்தவர் தாராவிக்காரர், பெயர் அபுதாஹிர், திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ். ஹாலைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது என்று கேட்டார். ரோட்டுப் பக்கச் சுவரில் வைத்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் சுந்தரராமன் அந்தக் குடியிருப்பு சொசைட்டியின் செகரட்டரி. போன வருஷம்தான் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்து, வெளிச்சுவரில் யாரும் ஆணி அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டு, தன் கையெழுத்தோடு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியும் வைத்திருந்தான்.

"பால்கனில வெச்சிடுங்கோ," என்றான்.

அபுதாஹிர் பால்கனிக்குள் போய் நின்றார். கிரில்லைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மடக்கிய கட்டிலையும் பார்த்தார். வெளியே வந்து யாரென்று இல்லாமல் பொதுவாகக் கேட்டார். "இந்த எடத்துல யாரும் படுப்பாவளா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"படுப்பாவன்னா இங்க வைக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க. வீட்டுச் சூடு பூரா இங்கதான் வந்து எறங்கும். எரைச்சல் வேற. மனுசன் இருக்க முடியாது."

சுந்தரராமன் தன் அக்காவைப் பார்த்தான். ஷ்யாமளா, தான் துடைத்த தரையில் ஏதோ குறை கண்டுபிடித்தவள்போல் கீழே பார்த்தாள். நிகில் காதில் ஹெட்போன். சாருலதா முந்திக்கொண்டாள். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள் தெரியுமா!

"இல்ல இல்ல, இங்க யாரும் படுக்கறதில்ல. தாராளமா வைங்கோ."

இன்றிலிருந்து யாரும் படுக்கப் போவதில்லை என்பதுதான் அவள் கணக்கு. பொய் சொன்னதாகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தம்பி மூச்சு விட்டான். அபுதாஹிர் அவள் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு, "பொறவு ஒங்க இஷ்டம்க்கா," என்று டிரில்லை எடுத்தார். கண்ணாடி முழுதையும் கழற்றினால்தான் சூடு வெளியே போகும் என்று அவர் சொன்னதற்கு, புறா வரும், மழை வரும் என்று சுந்தரராமன் ஒரே ஒரு கண்ணாடியை மட்டும் பாதி தள்ளிவிட்டான். ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. வேலை முடிந்ததற்கு அடையாளமாக சாருலதாவின் போனில் நாலு நம்பர் ஓடிபி வந்தது. ஒன்றொன்றாக, உரக்கப் படித்துக் கொடுத்தாள்.

மோர்க்குழம்பும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது ஹால் ஜில்லென்று இருந்தது. சத்தம் பேருக்குக்கூட இல்லை. அவள் தேர்ந்தெடுத்ததல்லவா! நிகில் சோபாவை விரித்துக்கொண்டான். தரையில் தம்பியும் ஷ்யாமளாவும் பெட்ரூம் மெத்தையைக் கொண்டுவந்து போட்டார்கள். டீபாயை நகர்த்தினால் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. சாருலதா தலையணையையும் புது ரஜாயையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, டீபாயை நகர்த்தக் குனிந்தாள்.

"அக்கா, நீ இங்கயா?" என்றான் சுந்தரராமன். "உனக்குத்தான் ஏசி ஒத்துக்காதே."

"எனக்கா?"

"ஆமா. மாட்டுங்கால அந்தக் கல்யாணத்துல எப்படித் தும்மினே! ஹாலே திரும்பிப் பாத்தது."

"அது ஹோமப் புகைடா."

"விஷப் பரீட்சை எதுக்குக்கா?" என்றாள் ஷ்யாமளா. குரலில் அப்படி ஒரு கரிசனம், தேனுக்குப் பதில் தொட்டுக்கொள்ளலாம். "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பாத்துக்கறது? அதனாலதான் உங்க கட்டிலை மடக்கி மட்டும் வெச்சேன். பழையபடி விரிச்சுக்கலாம்."

மடக்கி மட்டும் வைத்தாளாம். காலை ஆறு மணிக்கே தெரிந்திருக்கிறது. சாருலதாவுக்கு அங்கேயே கோபம் வந்திருக்க வேண்டும். தலையணையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். வரவில்லையே! இந்த மாதிரிப் பெண்பிள்ளைகளை என்னதான் செய்வது? "பால்கனில மிஷின் இருக்கேடா," என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"வைக்கலாமான்னு அந்த ஆள் கேட்டப்போ, வைங்கோன்னு நீதானே சொன்னே?" என்றான் தம்பி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

அவள் தலையணையோடு திரும்பினாள். "அக்கா," என்று ஷ்யாமளா கூப்பிட்டாள். ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, சாருலதாவுக்கு நெஞ்சு துள்ளியது. "அந்த ரஜாயைக் குடுத்துட்டுப் போங்கோ. அங்க உங்களுக்கு என்னத்துக்கு? இங்க குளிர்றது."

கொடுத்தாள்.

பால்கனிக் கதவைத் திறந்தபோது வெயிலும் இரைச்சலும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நிகில் சோபாவிலிருந்தே கத்தினான். "அரே அத்தை, தர்வாஜா! கூலிங் பூரா போறது!" அவள் அவசரமாக வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

கட்டிலை விரித்துப் பார்த்தாள். கால்மாட்டில் மிஷின் உட்கார்ந்திருந்ததால் முழுதாக விரியவில்லை. சாய்வாகப் போட்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே மூன்று பேருக்கு வேண்டாத சூடு முழுவதும் பாதி திறந்த கண்ணாடியில் மோதி அவள்மேல் திரும்பி வந்தது. கட்டிலின் இரும்புக்கால் தரையில் கடகடவென்று ஆடியது. வேர்க்குரு பற்றி எரிந்தது. வாஷிக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தாள். நர்ஸ் நேற்றே வந்துவிட்டது நினைவுக்கு வர, கீழே வைத்தாள். அப்போது அதுவே அடித்தது.

ஏசி கம்பெனியிலிருந்து ஒரு பெண். சுத்தமான இந்தி, இனிமையான குரல். இன்று செய்த வேலை திருப்திதானா, பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். சாருலதா பதில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை.

"மன்னிக்கணும் மேடம், உங்கள் பக்கம் ரொம்பச் சத்தமாக இருக்கிறது," என்றாள் அந்தப் பெண். "கொஞ்சம் வீட்டுக்குள் போய்ப் பேசுகிறீர்களா?"

சாருலதா கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். தம்பி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். நீல ரஜாய் ஷ்யாமளாவின் கழுத்து வரை ஏறியிருந்தது. கதவின் கைப்பிடியைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, போனை வாயோடு ஒட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"பத்து! பத்துக்குப் பத்து! ரொம்ப நல்ல மிஷின்! உள்ளே எதுவுமே கேட்காது!"

உண்மைதான். அவள் அத்தனை கத்தியும் உள்ளே ஒருவரும் புரண்டுகூடப் படுக்கவில்லை.