கீழே இருந்த வரி

அலுவலகத்தில் அவருக்கு வாட்ச்மேன் என்று பட்டப்பெயர். காப்பது மெயில் சர்வரை. வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும், இந்த முகவரியில் நிஜமாகவே ஆள் உண்டா என்று அனுப்பியவரின் சர்வரையே கேட்க வைப்பார். அப்புறம் குப்பை அனுப்பும் சர்வர்களின் கறுப்புப் பட்டியலில் தேட வைப்பார். சிக்கியவர்களுக்குத் திரும்பிப் போகும் பதிலும் அவர் எழுதியதுதான்: “உன்னை இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. இனி எழுதாதே.” எழுதிவிட்டு அன்று தனியாகச் சிரித்தார்.

யாரும் எதிர்பார்க்கவில்லையாம்! அவர் பாடு அவருக்குத்தான் தெரியும். மகள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஒரு வருடம். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். ஐந்து மாதத்துக்கு முன் வெட்கத்தை விட்டு, “தப்பு என்னோடதுதான், பதில் போடும்மா” என்று அலுவலக முகவரியிலிருந்து மெயில் அனுப்பினார். அவள் முகவரியை, தடுக்காமல் உள்ளே விடும் அனுமதிப் பட்டியலிலும் சேர்த்தார். பதில் இல்லை. கல்நெஞ்சக்காரி, அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறாள் என்று திட்டிக்கொண்டே ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். வீடு அவரைத் தின்றது.

இன்று மதியம் கொள்முதல் பிரிவு அம்மாள் வந்து நின்றாள்.

“சார், எங்க சப்ளையரை அனுமதிப் பட்டியல்ல போட்டுட்டேன்னீங்க. அவர் மெயில் இன்னும் திரும்பிப் போகுதாம்.”

“அதெல்லாம் சான்ஸே இல்லம்மா,” என்றபடி விதிகளைத் திறந்தார்.

சர்வர் மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும். அனுமதிப் பட்டியலின் வரி, கறுப்புப் பட்டியலின் வரிக்குக் கீழே இருந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

அம்மாள் போனதும், வந்த மெயில்களையெல்லாம் சர்வர் குறித்து வைக்கும் லாகில் மகளின் முகவரியைத் தேடினார். நான்கு முறை எழுதியிருந்தாள். அவளுடைய வாடகை சர்வரில் கூடக் குடியிருந்த எவனோ குப்பை அனுப்ப, எல்லாரும் சேர்ந்து கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தார்கள். வாசலிலேயே விரட்டிய மெயிலில் தேதி மட்டும்தான் மிஞ்சும், எழுதியது மிஞ்சாது. நான்கு முறையும் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது அவருடைய அந்தப் பதில்.

வரியை மேலே ஏற்றினார். நடந்ததை மறைக்காமல் எழுதி, “என்னம்மா எழுதியிருந்தே?” என்று முடித்தார்.

அரை மணியில் பதில் வந்தது.

“நாலாவதுல கல்யாணத் தேதி இருந்துச்சுப்பா. போன வெள்ளிக்கிழமை. எழுதாதேன்னு வந்தப்புறமும் முதல் வரிசையில ஒரு நாற்காலியை யாரையும் உட்கார விடாம வெச்சிருந்தேன்.”