மங்களம் டாக்கீஸில் முதல் ஆட்டம்

தன் உடம்பில் விலை பேச முடியாத சரக்கு ஒன்று ஓடுகிறது என்று சுப்புராயனுக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரெடிமேட் கடை வைத்திருப்பவர். ஆடித் தள்ளுபடிக்கு ஆனியிலேயே விலையை ஏற்றி வைக்கும் பரம்பரை. அவர் தங்கை வினோதினிக்குச் சிதம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் மறுநாள் காலை சிசேரியன். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் ஜாஸ்தி போகலாம் என்றார் டாக்டரம்மா. லேசில் கிடைக்காத குரூப் அது. கையிருப்பு ஒரு பைதான். அண்ணனுக்கும் அதே குரூப். சோதனையெல்லாம் முடித்துவிட்டு, "பக்கத்துலயே இருங்க சார். கூப்பிட்ட உடனே வரணும்," என்றார் டாக்டரம்மா.

சுப்புராயனுக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. ரூம் வாடகையைக் குறைக்கச் சொல்லி நர்ஸிடம் பேசினார். பக்கத்துக் கட்டில்காரர்களின் துணியைத் தொட்டுப் பார்த்து, வாங்கிய விலையைக் கேட்டு, ஏமாந்துவிட்டீர்கள் என்றார். கடைசியில் வினோதினியே துரத்தினாள்.

"அண்ணா, உன் தொல்லை தாங்கல. எங்கனா சினிமாவுக்குப் போயிட்டு வா. காலைலதான ஆபரேஷன்."

"நான் போயிட்டா உன்ன யாரு சிரிக்க வெக்கிறது?"

"சிரிச்சா வயிறு வலிக்குது. கெளம்பு."

இரண்டு தெரு தள்ளி மங்களம் டாக்கீஸ். சுவரொட்டியை ஆடு பாதி தின்றிருந்தது. மீதிப் பாதியில் வில்லன் மட்டும் இருந்தார். கேட்டில் டிக்கெட் கிழிக்கும் ஆண்டி என்பவரிடம், ஏசி ஓடாத கொட்டகைக்கு எதற்கு ஏசி டிக்கெட் என்று சண்டை போட்டு, பெஞ்சு டிக்கெட்டில் பால்கனிக்கு முன்னால் நல்ல இடமாக வாங்கினார்.

"உள்ள டவர் கெடைக்காது சார்," என்றார் ஆண்டி.

"என்னய்யா சொல்ற? எனக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வரும்."

"என் நம்பரக் குடுத்துடுங்க. வந்தா உள்ள வந்து பேரு சொல்லிக் கத்துவேன். முன்ன ஸ்லைடு போடுவோம். புது மிஷின்ல அதுக்கு வழியில்ல."

சுப்புராயன் தங்கை புருஷன் அருள்முருகனைப் போனில் அழைத்து அந்த நம்பரைச் சொன்னார். மின்விசிறிக்கு நேர் கீழே தான் உட்காரப்போகும் இடத்தையும் ஆண்டியிடம் காட்டி வைத்தார். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன ஏற்பாடு செய்ய முடியும்?

படம் தொடங்கியதும் வெளியே மழை பிடித்துக்கொண்டது, உள்ளேயும் பிடித்துக்கொண்டது. ஓட்டு இடுக்கிலிருந்து அவர் தலையில் சொட்டியது. எழுந்து முன்னால் போய், அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பையன்கள் கூட்டத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆண்டியின் குரல் கேட்டது. "மேல்பட்டாம்பாக்கம் பழனிவேல்! உங்க வூட்டுக்காரம்மா வெளிய நிக்கிறாங்க!"

சுப்புராயன் வாயில் கையைக் குவித்தார். "அவரு அப்பவே பின்பக்கமா போயிட்டாரு!"

கொட்டகை குலுங்கியது. பழனிவேல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பையன்கள் விசிலடித்தார்கள். "மாமா, செம மாமா!" என்று ஒருவன் பாப்கார்னை நீட்டினான். கடையில் நாள் முழுக்கப் பேசினாலும் இத்தனை கைதட்டல் கிடைத்ததில்லை. வினோதினியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு மூத்திரக் கொட்டாய்க்குப் போனார். அங்கே நின்றுகொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப்புறம் மறுபடியும் அதே சிரிப்பு, அதே விசில். திரும்பி வந்தால் திரையில் பிணத்தைக் கிடத்தி அழுதுகொண்டிருந்தார்கள்.

"எழவு வூட்ல என்னடா சிரிப்பு?"

"ஆண்டி யாரையோ கூப்பிட்டாரு மாமா. உங்க டயலாக்கையே உட்டோம்!"

தன்னைத்தானோ என்று சுப்புராயன் வாசல் பக்கம் திரும்பினார். பிறகு கணக்குப் போட்டார். தன்னைக் கூப்பிட்டிருந்தால் ஆண்டி மின்விசிறிக்குக் கீழே நேராக வந்திருப்பார். தான் இப்போது மின்விசிறிக்குக் கீழே இல்லை என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. பாப்கார்னை வாங்கிக்கொண்டார்.

இடைவேளையில் டீக்கு வெளியே வந்தார். ஆண்டி அவரைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"சார், நீங்க போகல?"

"எங்க?"

"வந்து கத்தினேனே சார். உங்க எடத்துல லைட் அடிச்சுப் பாத்தா சீட்டு காலி. அவரு அப்பவே போயிட்டாருன்னு பசங்க சொன்னானுங்க. அதையே போன்லயும் சொல்லிட்டேன். கெளம்பிட்டாருன்னு."

சுப்புராயன் ஓடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, எவ்வளவு என்று கேட்காமல் ஆட்டோவில் ஏறினார்.

நர்சிங் ஹோம் கேட்டில் அருள்முருகன் நனைந்துகொண்டு நின்றிருந்தான். அவன் கையில் குடை இருந்தது. விரிக்கவில்லை.

"வழியில அடிபட்டீங்களா மச்சான்?"

"இல்ல மாப்ள…"

"தெருத் தெருவாத் தேடினேன். திடீர்னு ரத்தம் போவ ஆரம்பிச்சுது. இருந்த பையப் போட்டாங்க. கடலூர்லேர்ந்து வரவழைக்கட்டுமான்னு டாக்டரம்மா கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன். மச்சான் கெளம்பிட்டாரு, இதோ வந்துடுவாருன்னு சொன்னேன். திரும்பக் கேட்டாங்க. அப்பவும் அதான் சொன்னேன்." அவன் தெருவைப் பார்த்தே பேசினான். "புள்ள இருக்குது மச்சான். புள்ள மட்டும்."

சுப்புராயன் அவனைத் தாண்டி உள்ளே போனார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டே போனார். தாழ்வாரத்தில் நர்ஸ் வந்தாள். சாயங்காலம் அவரிடம் பேரம் பேசித் தோற்றவள். அவள் முன்னால் கையை நீட்டினார்.

"எடுத்துக்கம்மா. எவ்ளோ வேணுமோ எடுத்துக்க."

நர்ஸ் அவர் சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கி, பொத்தானைப் போட்டுவிட்டாள். சுப்புராயன் மறுபடியும் அதைச் சுருட்டினார்.