தாளித்த சாத்தே

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை எனக்குப் பந்தியில் கிடைத்தது. 2004-இல் மாப்பிள்ளை வீட்டு ஆளாகத் திருமழபாடியிலிருந்து பஸ் ஏறி, தா.பழூருக்கு மறுவீட்டு விருந்து தின்னப் போனேன். தின்றோமா, வந்தோமா என்று இருந்திருக்கலாம். எழுதுகிற புத்தி விடவில்லை.

அடுப்படியில் நடந்ததைப் பெண்ணின் சித்தி சுமதி பிற்பாடு சொன்னாள். பெண்ணைப் பெற்ற அம்சவள்ளியின் மனசுக்குள் நடந்தது மட்டும் என் சொந்தச் சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: கொள்ளிடத்தின் மேல் பொழுது புலர்ந்தபோது அம்சவள்ளியின் கண்களில் ஏதோ ஒரு—

(அடித்துவிட்டேன். அப்போது அவள் கண்ணில் இருந்தது வெங்காயக் கரிப்பு.)

தொடக்கம் இரண்டு: அம்சவள்ளி சிங்கப்பூரில் ஒரு வீட்டில் ஒன்பது வருடம் சமையல் வேலை பார்த்தாள். அத்தனை வருடமும் அவள் மகள் சுகன்யாவை வளர்த்தது கொழுந்தன் பெண்டாட்டி சுமதி. கல்யாணத்தன்று சம்பந்தியம்மா சம்பூர்ணம், "பெத்தவ கடுதாசி போட்டா, வளத்தவ சோறு போட்டா" என்று ஊர் கேட்கச் சொன்னாள். சுமதியைப் பாராட்டித்தான் சொன்னாள். அம்சவள்ளிக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுவீட்டுக் கறி தன் கையால்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு வேளையாவது மகள் தன் சமையலைக் கேட்டு வாங்கித் தின்ன வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

3

அவள் தேர்ந்தெடுத்தது சாத்தே. சிங்கப்பூரில் குச்சியில் குத்திக் கரியில் வாட்டுகிற கறி. மூங்கில் குச்சிக்கு எங்கே போவது? பச்சைத் தென்னை மட்டையிலிருந்து ஈர்க்குகளைச் சீவித் தண்ணீரில் ஊறப்போட்டாள். அங்கே போடுகிற வாசனைப் புல்லுக்குப் பதில் எலுமிச்சை இலை. கோழியை விரலகலத்துக்கு அரிந்து, மஞ்சள், மல்லி, சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துப் பிசறி, நாட்டுச் சர்க்கரையும் தூவினாள்.

"கறியில சக்கரையா? யக்கா, மாப்ள வூட்டுக்காரங்க சிரிக்கப் போறாங்க" என்றாள் சுமதி.

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ சோத்தப் பாரு."

[முதல் பிரதியில் சுமதியைப் பொறாமைக்காரியாக எழுதியிருந்தேன். வேலை சுலபமாக இருந்தது. ஆனால் ஒன்பது வருடம் அடுத்தவள் பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவளை வில்லியாக்கினால் எனக்குச் சோறு இறங்காது.]

பிறகு தொட்டுக்கொள்ளும் குழம்பு. கடலையை வறுத்து, தோல் போகப் புடைத்து, ஒன்றிரண்டாக இடித்து, மிளகாய், புளி, வெல்லம், தேங்காய்ப்பால் சேர்த்துக் கொதிக்கவிட்டாள். எண்ணெய் மிதந்ததும் இறக்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதே ருசி, பிசகே இல்லை. சட்டியை மூடிவிட்டு, கொல்லையில் கொட்டாங்கச்சிக் கரியில் குச்சிகளை அடுக்கப் போனாள்.

4

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தாளிக்காத குழம்பைக் கண்டால் கை சும்மா இராது. சுமதி மூடியைத் திறந்தாள். ஒரு கடுகுகூடக் கிடையாது. பாவம், பதட்டத்தில் அக்கா மறந்துவிட்டாள் என்று நினைத்தாள். எண்ணெய் காய்ச்சி, கடுகு, உளுந்து, பெருங்காயம், ஒரு கை கறிவேப்பிலை.

சொய்ங்ங்.

கொல்லையில் இருந்தவள் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்தாள்.

"என்னடி பண்ணித் தொலச்ச?"

"தாளிச்சேன்க்கா. நீதான் மறந்துட்டியே."

"மறக்கலடி! அதுக்குத் தாளிப்பே கெடையாது!"

"தாளிக்காத கொழம்பும் ஒரு கொழம்பாக்கா?"

இந்த ஒரு சட்டியைக்கூட எனக்கு விட மாட்டாயா என்று அம்சவள்ளிக்குத் தொண்டைவரை வந்தது. அந்தச் சட்டியையே தூக்கிக்கொண்டாள். வெளியே இலை போட்டாயிற்று, வேறு வைக்க நேரமில்லை.

5

முடிவு அ: அம்சவள்ளி சட்டியைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு அழுதாள்.

(கிழித்துவிட்டேன். அந்தப் பந்தியில் நானே இருந்தேன்.)

நடந்தது இதுதான். சம்பூர்ணம் குச்சியைத் தூக்கிப் பார்த்து, "என்ன சம்மந்தி, வெளக்கமாத்துக் குச்சியிலயா கறி குத்தி வச்சிருக்கீங்க?" என்றாள். குழம்பில் தோய்த்துக் கடித்தாள். இரண்டாவது குச்சிக்குக் கை நீண்டது. நான் ஏழு தின்றேன், மாப்பிள்ளை எத்தனை தின்றார் என்று அவருக்கே தெரியாது. அப்போது அவர் பக்கத்து இலையில் இருந்த சுகன்யா தலையைத் தூக்கினாள்.

"அம்மா, எனக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா."

அம்சவள்ளிக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயித்துவிட்டாள் ஐயா, ஜெயித்துவிட்டாள்! எழுதுகிற எனக்கே கை துள்ளுகிறது. ஊற்றிவிட்டு, கரண்டியில் ஒட்டியதை யாரும் பார்க்காமல் வழித்து நக்கினாள். சிங்கப்பூர் ருசி இல்லை. அதைவிட நன்றாக இருந்தது. ஒப்புக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

6

"சம்மந்தி, இந்தக் கொழம்பு யாரு வச்சது? உள்ளதச் சொல்லுங்க" என்றாள் சம்பூர்ணம்.

"அக்காதான்! எல்லாமே அக்காதான்!" என்று நிலைப்படியிலிருந்து சுமதி கத்தினாள்.

பந்தி முழுக்க அம்சவள்ளியைப் பார்த்தது. மூன்று பதில் எழுதி வைத்திருக்கிறேன். "நான்தான்." ஒன்பது வருடத்துக்கு அதுகூட இல்லையா? "சுமதி தாளிச்சா." இது உண்மை. "ரெண்டு பேருந்தான்." இது பாடப்புத்தகம்.

அவள் சொன்னதை நாலாவது இலையில் இருந்த நான் காதாரக் கேட்டேன். எழுத மாட்டேன். கரண்டி உங்கள் கையில் இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அம்சவள்ளி என் பக்கத்தில் ஓர் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சுமதியைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "இப்ப நீ தின்னு" என்று பரிமாறினாள்.