தராசு ஏறாத கத்தரிக்காய்

காரைக்குடியில் ஏலக்காயைக் குன்றிமணிக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிற மளிகைக்காரர் மீனாட்சிசுந்தரப் பத்தர் ஒருவர்தான். பழக்கதோஷம், வேறென்ன. அறுபத்து மூன்றில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வருகிற வரைக்கும் செட்டிமார் வீடுகளுக்கு நகை செய்து கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். சட்டம் வந்தது, பட்டறை அடுப்பு அணைந்தது. கொஞ்ச காலம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஊதுகுழலைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். அதே இடத்தில் மளிகையும் காய்கறியும் வைத்தார். நகை செய்யக் கொடுத்த வீடுகள் அவரைக் கைவிடவில்லை. பத்தர் கை சுத்தம் என்று கல்யாணச் சாமான் மொத்தத்தையும் அவரிடமே விட்டார்கள். அந்த நன்றி அவர் நெஞ்சில் எப்போதும் உண்டு. கூடவே ஒரு பயமும் உண்டு. ஒரே ஒரு கல்யாணத்தில் பேர் கெட்டால் போதும், இந்தப் பிழைப்பும் அந்தப் பிழைப்பின் பின்னாலேயே போய்விடும்.

அதனால்தான் அவருக்குச் சரக்கென்றால் மதுரை. காய், தயிர், இலை எல்லாம் மதுரை மொத்த வியாபாரியிடமிருந்து லாரியில் வந்து இறங்கினால்தான் அவருக்குச் சரக்கு. இந்தச் செம்பொறைப் பூமியில் கருவேலத்தைத் தவிர என்ன முளைக்கும் என்று கேட்பார். நேமத்தான்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அவருடைய மனைவி கண்ணாத்தாளுக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊர்க் கிணற்றடிக் கத்தரிக்காயை வந்து பாருங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வாய் வலித்துப்போனவள். பத்தர் மாமியார் வீட்டுக்குப் போனால் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டித் தூங்குவாரே தவிர, தோட்டத்துப் பக்கம் ஒரு நாளும் தலைவைத்துப் படுத்ததில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் தை மாதம், கண்டனூர் மெய்யம்மை ஆச்சி தன் கடைசி மகள் கல்யாணத்துக்காக மெட்ராசிலிருந்து வந்து வீட்டைத் திறந்தார். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. தெருவே அப்படித்தான் கிடந்தது. வரிசையாகப் பெரிய பெரிய வீடுகள், வரிசையாகப் பெரிய பெரிய பூட்டுகள். சாமான் சொல்வதற்காகப் பத்தரைக் கூப்பிட்ட ஆச்சி, மாப்பிள்ளை வீட்டார் கார் கார்களாக வந்து இறங்கப் போகிறார்கள், நம் பக்கத்துக்கு முகப்பில் நின்று வாங்க என்று சொல்லக்கூட அக்கம்பக்கத்தில் ஆள் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். அதற்குப் பத்தர் என்ன செய்ய முடியும்? சாப்பாட்டில் ஒரு குறையும் வராது ஆச்சி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் லாரிக்காரரிடமிருந்து ஆள் வந்தது. தேர்தல் கூட்டத்துக்கு ஆள் ஏற்ற லாரியைக் கொடுத்துவிட்டாராம், வாரம் முழுக்க வராதாம். மதுரைக்குப் போன் போட்டால், முகூர்த்த நாள், வேறு வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் காய் கிடைக்காது என்று வியாபாரி கையை விரித்துவிட்டார். அரிசியும் பருப்பும் மசாலும் கண்டனூரில் இறங்கிவிட்டன. காய் இல்லை, தயிர் இல்லை, போட்டுப் பரிமாற இலை இல்லை. பத்தர் கல்லாவுக்குப் பின்னால் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் கண்ணாத்தாள் சீலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இப்பவாச்சும் எங்க ஊருக்கு வாரீகளா?" என்றாள்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் போனார்கள். கண்ணாத்தாள் நேராகச் சின்னத்தாயியின் தோட்டத்துக்கு அவரைக் கூட்டிப்போனாள். சின்னத்தாயி குடியானவர் வீட்டுப் பெண். புருஷன் போன பிறகு கிணற்றையும் நிலத்தையும் தானே கட்டி மேய்க்கிறவள். மேட்டுக் கரடு தாண்டி இறங்கியதும் பத்தர் நின்றுவிட்டார். கிணற்றைச் சுற்றிப் பச்சையென்றால் அப்படியொரு பச்சை. முள்காம்போடு குட்டையாய், பளபளவென்று கத்தரி. வேலியெல்லாம் படர்ந்து பூவும் பிஞ்சுமாக அவரை. அந்தப் பக்கம் பரங்கி தரையில் உருண்டு கிடந்தது. சின்னத்தாயி இரண்டு கத்தரிக்காயை அடுப்பில் சுட்டுப் புளியும் வெங்காயமும் விட்டுப் பிசைந்து, கேழ்வரகுக் கூழோடு கொடுத்தாள். பத்தர் வழித்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்டார்.

அதைவிடப் பெரிய கூச்சம் அப்புறம்தான் வந்தது. வரப்பில் கட்டி வைத்திருந்த ஒரு சாக்கு கண்ணில் பட்டது. பனைநாரை இரட்டையாக மடித்துச் சுற்றி, நுனியில் குஞ்சம் விட்ட முடிச்சு. அந்த முடிச்சு அவருக்குத் தெரியும். மதுரைச் சரக்கு இறங்குகிற நாளெல்லாம் கத்தியை வைத்து அதை அறுத்துத் தூர எறிந்திருக்கிறார். விசாரித்தால், திருப்பத்தூர்ச் சந்தையில் ஒரு தரகர் அடிமாட்டு விலைக்கு வாங்கி மதுரைக்கு அனுப்புகிறாராம். இந்தக் காய் மதுரைக்குப் போய், ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, வாடி வதங்கி, பத்தரிடம் மதுரைச் சரக்காகத் திரும்பி வந்திருக்கிறது. அதைத்தான் அவர் ஆகா ஓகோ என்று வாங்கியிருக்கிறார். இதை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாத்தாளிடம் சொல்லவே இல்லை.

கண்ணாத்தாள் தாய்வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனாள். வினை அப்போதுதான் ஆரம்பித்தது. பத்தர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை பேசி முடித்தால் கொடுக்கிறவர் வெற்றிலை பாக்கு வைப்பார், வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். அதோடு வாக்கு உறுதி, மறுபேச்சுக் கிடையாது. பத்தருக்குத் தெரிந்த வியாபார நியாயம் அது ஒன்றுதான். கடைத்தெருவில் வெற்றிலையும் பாக்கும் வாங்கி, ஒரு தட்டில் வைத்துச் சின்னத்தாயியிடம் நீட்டினார். வெள்ளிக்கிழமை கண்டனூர் மெய்யம்மை ஆச்சி வீட்டுக் கல்யாணம், வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும், கத்தரியும் அவரையும் பரங்கியும் வேண்டும் என்றார். சின்னத்தாயி கையைக் கழுவிவிட்டு வந்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விலை என்ன என்று பத்தர் கேட்டபோது சிரித்தாள். இதுக்குப் போய் விலை பேசுவாகளா, வெறுங்கையோடயா வருவோம் என்றாள். அடக்கமான மனுஷி என்று பத்தர் நினைத்துக்கொண்டார். வாழைத்தோப்பு வைத்திருந்த தங்கச்சாமிக்கும் அப்படியே வைத்தார். மாடு கன்று நிறைய வைத்துத் தயிர் விற்கிற பொன்னுத்தாயிக்கும் வைத்தார். எல்லாரும் அதே மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இந்தச் சனங்களுக்குத் தொழிலில் என்ன பக்தி என்று வியந்துகொண்டே கண்ணாத்தாளோடு பஸ் ஏறினார்.

வியாழக்கிழமை வெயில் தாழ்ந்த நேரம். பத்தர் கண்டனூர் வீட்டின் பின்வாசலில் பெரிய தராசைக் கட்டித் தொங்கவிட்டு, படிக்கல்லை வரிசையாக வைத்துக் காத்திருந்தார். சமையலுக்கு வந்திருந்த தவசிப்பிள்ளை அடுப்பை மூட்டிவிட்டு, காய் எங்கே காய் எங்கே என்று அரித்தெடுத்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டது. மாட்டுச் சலங்கையும் கேட்டது. ஆனால் சத்தம் வந்தது முன்பக்கத்திலிருந்து.

பத்தர் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார். முகப்புக்கு எதிரே வண்டிகள் வரிசையாக நின்றன. மாட்டுக் கொம்புக்கெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது. சின்னத்தாயி கோடிச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்த மகளோடும் மருமகளோடும் இறங்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சாமி சலவை வேட்டியில், அக்கா தங்கை குடும்பம் சகிதம் நின்றார். பொன்னுத்தாயி வீட்டுப் பெண்கள் தயிர்ப்பானைகளுக்கு மாவிலை கட்டியிருந்தார்கள். கத்தரிக்காய் சாக்கில் வரவில்லை. தாம்பாளம் தாம்பாளமாக அடுக்கி, மேலே மஞ்சளும் குங்குமமும் வைத்து வந்திருந்தது.

ஐயோ, இங்குட்டு இல்லை, பின்னால் கொண்டு போங்கள், தராசு அங்கே இருக்கிறது என்று பத்தர் பதறினார். சின்னத்தாயியின் முகம் மாறியது. தாம்பாளத்தை இடுப்பில் தாங்கியபடி அவரைப் பார்த்தாள்.

"சீர் கொண்டு வந்தவக எந்த ஊருல பின்வாசல் வழியாப் போவாக, மாப்புள்ள? சீரைத் தராசுல நிறுப்பீகளா?"

அந்த ஊரில் பெண் எடுத்ததால் அவர் ஊருக்கே மாப்பிள்ளை. ஊர் மாப்பிள்ளை வீடு தேடி வந்து பாக்கு வைத்துக் கல்யாணத்துக்கு வா என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பத்தருக்குத்தான் தெரியவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து வண்டிகளுக்கு நடுவே நின்ற கண்ணாத்தாளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"பாக்கா வச்சீக?" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். "அது உங்க பட்டறை வழக்கமுல்ல. இங்க பாக்கு வச்சா அழைப்பு."

ஆச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு, ஆச்சியைக் கேட்காமல், ஆச்சி பேரைச் சொல்லி ஊரைக் கூட்டியாகிவிட்டது. அவர்களைத் திருப்பி அனுப்பினால் சீரும் திரும்பிவிடும். நாளைக்கு இலையில் போடுவதற்கு ஒன்றுமிருக்காது. அதுகூடப் பெரிதில்லை. நம்பி வந்தவர்களை எந்த முகத்தை வைத்துக்கொண்டு போ என்பது? அதற்குள் சத்தம் கேட்டு மெய்யம்மை ஆச்சியே முகப்புக்கு வந்துவிட்டார். பத்தர் ஓடிப்போய்ப் படிக்குக் கீழே நின்று, லாரி வராததிலிருந்து பாக்கு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். தப்பு என்னுடையது, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

ஆச்சி சுலபத்தில் சிரிக்கிற மனுஷி இல்லை. வண்டிகளைப் பார்த்தார். பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு முன்னால் மாடுகள் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. தெரு முழுக்கப் பேச்சும் சலங்கையுமாக இருந்தது. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் தெருவிலேயே நிற்கிற சின்னத்தாயியைப் பார்த்தார்.

"பாக்கு வச்சது உங்க கை. சொன்னது என் பேரு," என்றார் பத்தரிடம். "என் பேருல வச்ச பாக்கைத் திருப்பி வாங்குற பழக்கம் இந்த வீட்டுல இல்ல பத்தரே. தராசை அவுத்து உள்ள போடுங்க."

பிறகு படி இறங்கிப் போய், வாங்க, எல்லாரும் வாங்க என்று சொல்லிச் சின்னத்தாயியின் தாம்பாளத்தைத் தன் கையாலேயே வாங்கினார். பத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ பேருக்குத் தாலி செய்து கொடுத்தவர்தான். ஆனால் ஒரு கல்யாண வீட்டு வாசலில் அவருக்கு மனசு அப்படி நிறைந்தது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது முகப்பில் நின்று சந்தனம் கொடுத்தவர் தங்கச்சாமி. மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள, வேகவைத்து மசித்த கத்தரிக்காய்க் கோசமல்லி. மெட்ராஸ்காரர்கள் இலையை வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். காய் மதுரையா திண்டுக்கல்லா என்று சம்பந்தி கேட்டதற்கு, எங்கள் பக்கத்துச் சனங்கள் சீராகக் கொண்டுவந்தது என்றார் ஆச்சி. முதல் பந்தியில் சம்பந்திக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னத்தாயி, தன் காய் எப்படி வெந்திருக்கிறது என்று சந்தேகத்தோடு ருசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்து வண்டி கட்டினார்கள். சீர் வந்த தாம்பாளம் வெறுமையாகத் திரும்பக்கூடாது என்று ஆச்சி புதுச்சேலையும் பலகாரமுமாக நிரப்பிக் கொடுத்தார். பத்தரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. விலை கொடுத்தால் அவமானம், கொடுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சின்னத்தாயியின் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, அந்தக் குஞ்ச முடிச்சுக் கதையைச் சொல்லிவிட்டார். உங்கள் காயை மதுரைக் காய் என்று வாங்கித் தின்று பெருமை பேசிய மடையன் நான், இனிமேல் எனக்கே கொடுங்கள், நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். கண்ணாத்தாள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

சின்னத்தாயி கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையைப் பிரித்தாள். வெற்றிலையையும் பாக்கையும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது உங்க பட்டறைப் பாக்கு," என்றாள். "திங்கக்கிழமை வாங்க. மறக்காமத் தராசைக் கொண்டாங்க."

பத்தர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் சாக்கைக் கடையில் இறக்கியதும், பழக்கத்தில் கை கத்திக்குப் போனது. நிறுத்திக்கொண்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிக்கல் விழுந்த சங்கிலியைப் பிரிக்கிற பொறுமையோடு அந்த முடிச்சை நகத்தால் அவிழ்த்தார். வாங்க வந்தவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். இது எந்த ஊர்ச் சரக்கு பத்தரே என்று ஒருவர் கேட்டார்.

"என் மாமனார் ஊர்," என்றார் பத்தர், உள்ளே இருக்கிற கண்ணாத்தாளுக்கும் கேட்கிற மாதிரி.